மவுன்ட்டுக்கு அடியில் ஒரு சந்து

என் மாமியாருக்கு எங்கள் வீட்டில் ‘ரீல்’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. அவர் காதுபட யாரும் சொல்வதில்லை, ஆனாலும் அவருக்குத் தெரியும். அவர் சொல்லும் கதையில் மழை பிடித்தால் ஒரு வாரத்துக்கு விடாது. நாய் துரத்தினால் ஊர் எல்லை வரைக்கும் துரத்தும். கல்யாணமாகி வந்த புதிதில் நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்பேன். அவருக்குப் பின்னால் என் கணவர் நின்றபடி, விரலால் காற்றில் ரீல் சுற்றிக் காட்டுவார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அந்தக் கதைகளுக்கெல்லாம் பெரிய கதை ஒன்று உண்டு. குடைக்காரர் சந்து. மாமியாரின் அப்பா குடை செய்கிறவர். கடைவீதியில் இப்போது நான்கு மாடி ஜவுளிக்கடை நிற்கிறதே, அந்த இடத்தில் ஒரு சந்து இருந்ததாம். அதில்தான் அவர் கடை. கடைக்கு மூன்று படி. தைத்து முடித்த குடைகளை விரித்துத் தலைக்கு மேல் கொடி கட்டித் தொங்கவிடுவாராம்.

“சந்து எவ்வளவு குறுகல்னு நினைக்கிற? ஒரு குண்டுப் போலீஸ்காரர் திருடனத் துரத்திக்கிட்டு வந்து நட்டநடுவுல மாட்டிக்கிட்டாரு. முன்னாலயும் போக முடியல, பின்னாலயும் வர முடியல. எங்கப்பாதான் குடைக்கம்பி வச்சு நெம்பி வெளிய எடுத்தாரு.”

“திருடன் என்ன ஆனான் அத்தை?”

“அவன் எங்க ஓடுனான்? அந்தப் பக்கம் நின்னு விழுந்து விழுந்து சிரிச்சுக்கிட்டு இருந்தான்!”

இந்த இடம் வரும்போது என் கணவர் எழுந்து போய்விடுவார். ஒரு நாளும் உட்கார்ந்து முழுசாகக் கேட்டதில்லை. அவருக்கு ஒரு பழைய வலி இருக்கிறது. நான்காம் வகுப்பில் இந்தக் கதையைப் பெருமையாக எழுந்து சொல்லியிருக்கிறார். பூகோள வாத்தியார் சுவரில் தொங்கிய ஊர் வரைபடத்தைக் காட்டி, “எங்கடா அந்தச் சந்து, வந்து தொட்டுக் காட்டு” என்றிருக்கிறார். பையன் குச்சியை வைத்துக்கொண்டு தேடித் தேடிப் பார்த்திருக்கிறான். சந்து இல்லை. வகுப்பே சிரித்ததாம். அன்றிலிருந்து அவருக்குத் தன் அம்மாவின் வாயிலிருந்து வருவதெல்லாம் ரீல்தான்.

சந்தில் இருந்தது நாலைந்து வீடு. ஜவுளிக்கடை கட்ட இடம் வாங்கியபோது ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டார்கள். சாட்சி சொல்ல ஆளில்லை. மாமியாரிடம் இருப்பது உள்ளங்கை அகலத்தில் ஒரே ஒரு போட்டோ. அதில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, மாமியார்தான், இரண்டு கையையும் அகல விரித்து நிற்கிறாள். இந்தப் பக்க உள்ளங்கை ஒரு சுவரில், அந்தப் பக்க உள்ளங்கை எதிர்ச்சுவரில். அவளுக்குப் பின்னால் மூன்று படி, மேல்படியில் மடியில் குடையோடு ஒரு மனிதர். வேலை மும்முரத்தில் முகத்தைக்கூட நிமிர்த்தவில்லை. மாமியாருக்கு அவர் அப்பாவின் முகம் வேறெந்தப் படத்திலும் இல்லை. இதிலும் பாதிதான் தெரியும்.

எங்களுடையது பிரேம் கடை. படத்துக்குச் சட்டம் போட்டுக் கொடுப்பது தொழில். கல்யாணப் படம், பட்டம் வாங்கிய படம், காலமானவர் படம், எல்லாம் எங்கள் மேஜை மேல் வந்துதான் சுவருக்குப் போகும். சட்டம் அறுப்பது, படத்தைச் சுற்றி வரும் தடித்த அட்டையை வெட்டுவது, படத்தை அதில் ஒட்டுவது என் கணவர் வேலை. அந்த அட்டைக்கு மவுன்ட் என்று பெயர். கண்ணாடி வெட்டித் துடைப்பதும் பின்பக்கம் அடைத்து ஆணி அடிப்பதும் என் வேலை. பழைய படங்களின் ஓரம் எப்போதும் அரித்து, பழுப்பேறி, கிழிந்துதான் இருக்கும். மவுன்ட்டை ஒரு விரல் உள்ளே தள்ளி வெட்டினால் அந்த அசிங்கம் எல்லாம் அடியில் போய் மறைந்துவிடும். இதில் என் கணவரை அடிக்க ஆளில்லை. அவர் கை பட்ட படத்துக்கு வயது பாதியாகிவிடும்.

அப்படியிருக்க, ஊர் நூலகத்தில் ‘நம்ம ஊர், நேத்தும் இன்னைக்கும்’ என்று ஒரு கண்காட்சி வந்தது. பழைய போட்டோக்கள், பெரியவர்களின் நினைவுகள், எல்லாவற்றுக்கும் மேலாக நகராட்சிக் கிடங்கில் சுருட்டிக் கிடந்த பழைய அளவை வரைபடங்கள். வீடு வீடாக அளந்து, பெரிய பெரிய தாள்களில் வரைந்தவை. ஊர் மொத்தமும் பன்னிரண்டு தாள். பிரித்தால் சருகு மாதிரி நொறுங்கும் என்று பல வருஷமாக யாரும் முழுக்கப் பிரித்ததுகூட இல்லை. கண்காட்சியை நடத்துகிற கமிட்டிக்குத் தலைவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே பூகோள வாத்தியார்தான்! ஓய்வு பெற்று, உடம்பு நன்றாக ஊதி, குரல் மட்டும் அப்படியே இருந்தது. பிரேம் போடுகிற வேலை எங்களுக்கு வந்தது.

மாமியார் தன் போட்டோவைக் கொண்டுபோய்க் கொடுத்தார். கொடுத்ததோடு நில்லாமல், “எங்கப்பா கடை மேப்புக்குப் பக்கத்துலயே தொங்கப் போகுது, எல்லாரும் வந்துருங்க” என்று தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டார். பெட்டியிலிருந்து பட்டுப்புடவையையும் எடுத்து வெளியே போட்டாயிற்று.

இரண்டு நாள் கழித்து வாத்தியார் எங்களைக் கூப்பிட்டார்.

“படம் அருமையான படம், மறுக்கல. ஆனா கடைவீதி வர்ற ரெண்டு தாளையும் நீங்க பிரேம் போட்டுக் கொடுத்ததும் லென்ஸ் வச்சுப் பார்த்துட்டேன். ஏழாம் தாள் வீட்டுல முடியுது, எட்டாம் தாள் வீட்டுல ஆரம்பிக்குது. நடுவுல சந்தே கிடையாது. இது ஏதோ ஒரு வீட்டோட நடையா இருக்கும். ஆதாரம் இல்லாம மேப் பக்கத்துல மாட்ட முடியாதும்மா.”

“அப்ப எங்க சார் மாட்டுவீங்க?” என்றேன்.

பின்பக்கச் சுவரைக் காட்டினார். கழிப்பறைக்குப் போகும் வழி. மேலே ‘இடம் தெரியாத படங்கள்’ என்று எழுதி ஒட்டியிருந்தது.

எனக்குச் சுருக்கென்றது. என் கணவர் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்துவிட்டார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, “அம்மாகிட்ட நீயே சொல்லிடேன்” என்றார்.

“நல்லா இருக்கே! உங்க அம்மா. நீங்க சொல்லுங்க.”

அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இப்படியே நீ சொல், நீ சொல் என்று திறப்பு நாள் வந்தேவிட்டது.

அன்று காலையிலேயே நாங்கள் போய் வரைபடங்களை மாட்டிக்கொண்டிருந்தோம். திறப்பு பத்து மணிக்கு. மாமியார் தெரு ஜனங்களோடு பின்னால் வருவதாக ஏற்பாடு. வந்து, முன் சுவரில் தேடி, காணாமல், கழிப்பறைப் பக்கம் போய்த் தன் அப்பாவைக் கண்டுபிடிப்பார். அதை நினைத்து நான் நிமிஷத்துக்கு ஒரு தரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவருக்கும் அதே நினைப்புதான் போலிருக்கிறது. அவர் கை தடுமாறியதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஏழாம் தாளின் பிரேம் கொக்கியிலிருந்து நழுவி, மூலையில் இடித்து, கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டது.

“போச்சு! ஓடு, கடைக்குப் போய்க் கண்ணாடிய மாத்திக் கொண்டா” என்றார்.

கடை அடுத்த தெருதான். பிரேமை மேஜையில் குப்புறப் போட்டேன். ஆணிகளைப் பிடுங்கினேன். பின்னட்டையை எடுத்துவிட்டு, தாளை மவுன்ட்டோடு சேர்த்துத் தூக்கி, உடைந்த சில்லு எதுவும் அடியில் சிக்கியிருக்கிறதா என்று மவுன்ட்டை லேசாக நிமிர்த்திப் பார்த்தேன்.

சில்லு இல்லை. வேறொன்று இருந்தது.

மவுன்ட் மூடியிருந்த ஒரு விரல் அகல ஓரத்திலும் கோடுகள் போயிருந்தன. கடைசி வீடுகளின் சுவர் அங்கேதான் முடிந்தது. அதற்கப்புறம் தாளின் விளிம்பு வரை ஒரு மெல்லிய வெள்ளை இடம். அந்த வெள்ளையில், ஒரு வீட்டின் முன்னால், மூன்றே மூன்று குட்டிக் கோடுகள்.

இதே மாதிரிக் கோடுகளை அதே தாளில் வேறிடத்தில் பார்த்த ஞாபகம். தேடினேன். தபால் ஆபீஸ் வாசலில் இருந்தது. தபால் ஆபீஸுக்கு இன்றைக்கும் படி உண்டு, நான் ஏறியிருக்கிறேன். வரைந்தவர் படியைத்தான் இப்படிச் சின்னச் சின்னக் கோடாகப் போட்டிருக்கிறார்!

மூன்று படி. நடுவீட்டில் யாராவது படி வைப்பார்களா? படி இருந்தால் வாசல் இருக்க வேண்டும், வாசல் இருந்தால் எதிரே வழி இருக்க வேண்டும். இந்தத் தாளில் வழியின் பாதி இருக்கிறது. மிச்சப் பாதி எட்டாம் தாளின் ஓரத்தில் இருக்க வேண்டும், அதையும் நாங்கள் மூடிவைத்திருக்கிறோம்!

புதுக் கண்ணாடியாவது ஒன்றாவது! தாளை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து அணைத்துக்கொண்டு ஓடினேன். கடைக் கதவைப் பூட்டினேனா என்றுகூட நினைவில்லை. எதிரே வந்தவர்கள் எல்லாம் எங்கேயோ தீப்பிடித்ததாக நினைத்திருப்பார்கள்.

“என்னங்க! எட்டாம் தாள எடுங்க, உடனே எடுங்க!”

“மெதுவா பேசு. கண்ணாடி எங்க?”

“கண்ணாடி கிடக்கட்டும். இதப் பாருங்க.”

பார்த்தார். மூன்று கோட்டையும் பார்த்தார், மவுன்ட் படிந்த தடத்தையும் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. பிறகு ஏணியில் ஏறி, மாட்டி முடித்திருந்த எட்டாம் தாளை இறக்க ஆரம்பித்தார்.

வாத்தியார் உருண்டோடி வந்தார். “என்னப்பா பண்ற? திறப்புக்கு ஒரு மணி நேரம்கூட இல்ல! பிரேமக் கழட்டாத!”

“நீங்கதான சார் ஆதாரம் கேட்டீங்க” என்றேன். “ஆதாரம் அந்த அட்டைக்கு அடியில இருக்கு.”

“அட்டைக்கு அடியிலயா? கிழிஞ்ச ஓரம்தான இருக்கும்?”

“கிழிஞ்ச ஓரம்தான் சார். அங்கதான் எங்க மாமியார் குடியிருந்திருக்காங்க!”

அவர் அதற்கு மேல் தடுக்கவில்லை. சொல்லப்போனால் அவரே ஆணி பிடுங்க ஒரு கை கொடுத்தார். வாசிப்பு மேஜையில் பத்திரிகைகளை ஒதுக்கித் தள்ளிவிட்டு, ஏழாம் தாளைப் போட்டோம். என் கணவர் எட்டாம் தாளை மவுன்ட்டிலிருந்து பிரித்து, மூச்சுகூட விடாமல் நகர்த்தி நகர்த்தி, விளிம்போடு விளிம்பு சேர்த்தார்.

சந்து வந்துவிட்டது!

கடைவீதியில் ஆரம்பித்து, வீடுகளுக்கு நடுவே ஒல்லியாக, நேராக, பின்தெரு வரை போனது. அளந்தவர்கள் தாளுக்கு எல்லை வேண்டுமென்று சந்தின் நடுக்கோட்டையே பிடித்திருக்கிறார்கள். பாதிச் சந்து இந்தத் தாளுக்கு, பாதிச் சந்து அந்தத் தாளுக்கு. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் வெறும் வெள்ளை ஓரம். அதைப் பார்த்து வகுப்புச் சுவருக்குச் சின்ன மேப் போட்டவர்களும் ஓரத்தை ஓரமென்றே விட்டிருப்பார்கள். நாங்கள் அதன் மேல் அட்டை போட்டு மிச்சக் கதையையும் முடித்திருந்தோம்.

“இரு இரு, அகலம் பாக்கணும்” என்று வாத்தியார் லென்ஸும் ஸ்கேலுமாகக் குனிந்தார். அளந்தார், கணக்குப் போட்டார், நம்பாமல் மறுபடி அளந்தார். “நாலு அடி. கொஞ்சம் குறையவே இருக்கும்.” நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “அந்தப் போட்டோவ எடும்மா!”

நான் கழிப்பறைச் சுவருக்குப் பாய்ந்து போட்டோவைப் பிய்த்துக்கொண்டு வந்தேன். எட்டு வயதுப் பெண் கையை விரித்தால் எவ்வளவு வரும்? ஏறக்குறைய அதே அளவுதான் வரும். பின்னால் மூன்று படி. மேப்பில் மூன்று கோடு. மூவரும் ஒரே நேரத்தில் மூன்று என்று விரலைக் காட்டிக்கொண்டோம். எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. குதித்தேவிட்டேன், நூலகம் என்றுகூடப் பார்க்கவில்லை.

என் கணவர் மட்டும் அப்படியே நின்றார். “என் கையாலயே மூடியிருக்கேன்” என்றார். “எங்க தாத்தா கடைய, நானே அளவெடுத்து, நானே அட்டை வெட்டி மூடியிருக்கேன். ஓரம் அசிங்கமா இருக்குன்னு.”

“அப்புறமா உக்காந்து வருத்தப்படுங்க” என்றேன். “இப்ப இத எப்படி மாட்டுறதுன்னு சொல்லுங்க. அத்தை வர்ற நேரமாச்சு!”

இரண்டு தாளும் சேர்ந்து அடங்குகிற அளவுக்கு எங்களிடம் சட்டமும் இல்லை, அட்டையும் இல்லை. அவர் அரங்கை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். வாசலுக்கு நேரே நூலகத்தின் அறிவிப்புப் பலகை, கண்ணாடிக் கதவு போட்டது, சுவர் நீளத்துக்கு இருந்தது. உள்ளே என்றைக்கோ ஒட்டிய அறிவிப்புகள்.

“சார், இதுக்குச் சாவி?”

வாத்தியார் சாவியைத் தேடி ஓடினார். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும்! அறிவிப்புகளைக் கிழித்தெறிந்தோம். ஏழும் எட்டும் பக்கம் பக்கமாக, ஓரம் கிழிந்தது கிழிந்தபடி, பழுப்பு பழுப்பாகவே உள்ளே ஏறின. மவுன்ட் இல்லை, மறைப்பு இல்லை. சந்துக்கு நேர் கீழே போட்டோ. நான் கண்ணாடியைத் துடைத்துக் கதவைச் சாத்தவும், வாசலில் மாமியாரின் குரல் கேட்கவும் சரியாக இருந்தது.

பட்டுப்புடவை, கையில் ஒரு குடை, பின்னால் பாதித் தெரு. மழைக்கான அறிகுறியே இல்லாத நாளில் எதற்குக் குடை என்று யாரும் கேட்கவில்லை. நேரே பலகைக்கு வந்தார். போட்டோவைப் பார்த்து முகம் மலர்ந்தது. மேலே நிமிர்ந்து வரைபடத்தைப் பார்த்தார், புருவம் சுருங்கியது.

“ஒரே கோடா இருக்கே. இதுல எங்கடா?”

என் கணவர் பலகையின் கண்ணாடிக் கதவைத் திறந்தார். அம்மாவின் ஆட்காட்டி விரலைப் பிடித்து, அந்த மூன்று குட்டிக் கோடுகளின் மேல் வைத்தார். நான்காம் வகுப்பில் குச்சியை வைத்துக்கொண்டு தொட்டுக் காட்ட முடியாமல் நின்ற அதே ஆள். வாத்தியாரும் பக்கத்தில்தான் நின்றார்.

“இது படிம்மா. நம்ம கடைப் படி.”

எதற்கும் ஒன்றுக்குப் பத்தாகப் பேசுகிறவர், அந்தக் கோடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். எண்ணி முடித்தும் விரலை எடுக்கவில்லை. கண்ணில் நீர் நிரம்பி நின்றது.

“மூணு படிதான்” என்றார் கடைசியில். “நான்தான் சொன்னேனே.”

“சொன்னம்மா. நான்தான் நம்பல. அது மட்டுமில்ல, இந்தச் சந்து மேல அட்டைய வச்சு மூடுனதும் நான்தான். ஓரம் கிழிஞ்சிருக்குன்னு உள்ள தள்ளிட்டேன்.”

மாமியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “உன் தாத்தாவும் அதத்தான் செஞ்சாரு. துணி ஓரத்த உள்ள மடிச்சுத் தைச்சாத்தான் குடை குடையா இருக்கும்னு நாள் பூரா மடிச்சுக்கிட்டே இருப்பாரு. நீ மட்டும் என்ன வேற ரத்தமா? விடுடா.”

என் கணவர் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றார். அப்போது வாத்தியார் தொண்டையைச் செருமினார். “அம்மா, தப்பு என் பேர்லயும் இருக்கு. இந்தப் பையன அன்னைக்கு வகுப்புல நிக்க வச்சுட்டேன்.” சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தார். “நீங்க இவங்களுக்குச் சந்தப் பத்திச் சொல்லணும். அந்தப் போலீஸ்காரர் கதை எனக்கு ஞாபகம் இருக்கு. அதையும் சொல்லணும்.”

இதற்காகத்தானே மாமியார் பிறந்ததே! குடையை என்னிடம் கொடுத்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, போட்டோவில் நின்ற மாதிரியே இரண்டு கையையும் விரித்தார்.

“இவ்வளவுதான் சந்து. இந்தக் கை இந்தச் சுவத்துல, அந்தக் கை அந்தச் சுவத்துல.”

அவர் கைகள் காற்றில் நின்றன. என் கணவர் போய் ஒரு பக்கம் நின்று, தன் உள்ளங்கையை அம்மாவின் உள்ளங்கையோடு ஒட்டவைத்தார். நான் குடையை விரித்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மறுபக்கம் போய் நின்றேன். இருவரும் சுவரானோம்.

“அட, இன்னும் கிட்ட வாங்க” என்று மாமியார் எங்களை இழுத்தார். “நான் அப்ப சின்னப் புள்ள. ஆங், அப்படி.” பிறகு நடுவிலிருந்து விலகி, வாத்தியாரை மேலும் கீழும் அளந்தார். “போலீஸ்காரரும் உங்க உடம்புதான். கொஞ்சம் வாங்களேன்.”

கூட்டம் கைதட்டியது. வாத்தியார் வெட்கப்பட்டார், வேட்டியை இறுக்கினார், ஒருக்களித்துக்கூடப் பார்க்காமல் எங்களுக்கு நடுவில் நேராகப் புகுந்தார். பாதி வந்ததும் நின்றுவிட்டார். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை.

“பாத்தீங்களா! இதேதான்! இப்படித்தான் மாட்டுனாரு!” என்று மாமியார் கூவினார். அரங்கமே சிரிப்பில் அதிர்ந்தது. வாத்தியாரின் தோளுக்கு மேலாக நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் சுவரை விட்டு நகராமல், கண்ணைத் துடைக்கக்கூடக் கையை எடுக்காமல், தன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்புறம் என்னம்மா ஆச்சு?” என்று கேட்டார்.